மட்டக்குதிரையின் வாய் அளவு

மட்டக்குதிரை எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பதுக்கு. மூவாரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு மேசை நாற்காலி ஏற்றிவரும் லோரியில், மூன்று அலமாரிகளுக்கும் ஒரு சாப்பாட்டு மேசைக்கும் நடுவே நின்றபடி வந்தது. அலமாரிகளுக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். குதிரைக்கு எதுவும் போடவில்லை. அன்றைய குறிப்பில் இதை எழுதியிருக்கிறேன்.

நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள். இருபத்தாறு வருடம் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களின் தரம் பார்க்கும் வேலை. காலையில் பாலத்தைக் கடந்து போவேன், சாயங்காலம் திரும்புவேன். இடைப்பட்ட நேரத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தப்பியதா என்று பார்ப்பேன். வேலையை விட்ட பிறகும் பழக்கம் விடவில்லை. அளக்க இப்போது உதிரிபாகங்கள் இல்லை. வீடு இருக்கிறது, வீட்டுக்காரர் இருக்கிறார், என் தம்பி இருக்கிறான்.

குதிரை தம்பியுடையது. அவன் கல்யாண அலங்காரம் செய்கிறவன். மாப்பிள்ளை அழைப்புக்குப் பெரிய மோட்டார் சைக்கிள், கூரை திறந்த கார், ஒருமுறை மண் தோண்டும் இயந்திரத்தின் வாளி என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்ட ஊர் இது. புதிதாக ஏதாவது வேண்டும் என்று மூவாருக்குப் போய் ஒரு மட்டக்குதிரையையும் இரண்டு சக்கர வண்டியையும் பிடித்துவிட்டான். அவன் குடியிருப்பது அடுக்குமாடியில் எட்டாவது மாடி. கெலாங் பாத்தாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் புல்தரை இருக்கிறது. ஆகவே குதிரை அவனுடையது, சாணம் என்னுடையது.

லோரிக்காரர்தான் குதிரையை வளர்த்தவரும். அவர் ஒரு நிபந்தனை சொன்னார். ஐந்து வாரம் வைத்துப் பார்க்கலாம். முதல் கல்யாணம் பொந்தியானில், ஐந்து வாரம் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள் காலை பத்து மணிக்கு அவர் காலி லோரியோடு இந்த வழியாக மூவாருக்குத் திரும்புவார். சரிப்பட்டு வரவில்லை என்றால் ஏற்றிவிடலாம். ஏற்றினால் அது எங்கே போகும் என்று கேட்டேன். கேளிக்கைச் சந்தைகளில் குதிரைகளைக் கம்பத்தில் கட்டி, பிள்ளைகளை ஏற்றி, வட்டமாகச் சுற்றவிடுகிற ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். "அங்கே ஓட்டத் தெரிய வேண்டியதில்லை, கயிறே திருப்பிவிடும்" என்றார் மலாயில்.

அந்தக் குதிரைமேல் எனக்குப் பிரியம் என்று நாட்குறிப்பில் எங்கும் இல்லை. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து அது காலையில் எத்தனை கேரட் தின்றது என்பதற்குத் தனிப்பத்தி போட்டிருக்கிறேன்.

முதல் ஓட்டம் இரண்டாவது ஞாயிறு காலை. வண்டி ஓட்ட என் வீட்டுக்காரரைத் தம்பி நியமித்தான். காரணம், அவரிடம் கனரக வாகன உரிமம் இருந்தது.

"மாமா முப்பது வருஷம் துறைமுகத்துல கண்டெய்னர் லோரி ஓட்டுனவரு. இது ஒரு ஹார்ஸ்பவர்தான்."

"அதுக்கு பிரேக்கு எங்க மச்சான்?" என்றார் என் வீட்டுக்காரர். கடிவாள வாரைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து உண்மையிலேயே தேடினார்.

குதிரை பத்தடி நேராக நடந்தது. அவர் வலப்பக்க வாரை இழுத்ததும் தலையை வானத்துக்குத் தூக்கியது. வாயைத் திறந்து நாக்கை வெளியே தள்ளியது. பிறகு பக்கவாட்டில் நடந்து, வண்டியின் இடது சக்கரத்தை வாசல் சாக்கடையான லொங்காங்கில் இறக்கியது. லொங்காங்கில் தண்ணீர் குறைவாக இருந்ததால் வீட்டுக்காரர் கணுக்கால்வரை மட்டும் நனைந்தார்.

பழுது வாயில்தான் என்பது நேரில் பார்த்த எங்களுக்குத் தெரிந்தது. கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் குறுக்கே போகும் இரும்பு ஒன்று உண்டு. நாட்குறிப்பில் அதை வாய்க்கம்பி என்று எழுதினேன். வீட்டில் எல்லாரும் பிட் என்றார்கள். குதிரைக்கு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. கம்பி அங்கே, நாக்கின்மேல் கிடக்கும். இரண்டு முனையிலும் வளையம், வளையத்தில் வார். குதிரைமேல் ஏறி உட்காருகிறவனுக்குக் கால் இருக்கிறது, உடம்பின் கனம் இருக்கிறது. அவன் சொல்வதைக் குதிரை முதுகாலேயே கேட்டுக்கொள்ளும். வண்டிக்காரன் ஒன்றரை மீட்டர் பின்னால் இருக்கிறான். அவனுக்கு வாரும் குரலும்தான். அவன் சொல்வதெல்லாம் அந்தக் கம்பி வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும்.

குடும்பக் குரூப்பில் தம்பி வீடியோவைப் போட்டான். அரை மணி நேரத்தில் பத்தொன்பது வைத்தியம் வந்தது. கண் திருஷ்டி என்றார் ஒருவர். வயிற்றில் கேஸ் என்றார் இன்னொருவர்; அவருக்கு அது நிரந்தரமாக உண்டு. வண்டியின் சிவப்பு நிறம் ஆகவில்லை என்று ஒரு வாஸ்துக்காரர். பல் மருத்துவமனையில் பெயர் பதிகிற உறவுப்பெண் ஒருத்தி மட்டும் "வாயைத் திறந்து பாருங்க" என்று எழுதியிருந்தாள். அவள் எல்லாருக்கும் அதைத்தான் சொல்வாள் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை.

கடைசியில் தம்பி முடிவெடுத்தான். "பழைய பிட்டு துருப்பிடிச்சு கெடக்குக்கா. புதுசா, தங்கக் கலர்ல, நல்ல பளபளன்னு ஒண்ணு ஆர்டர் பண்றேன். போட்டோவுல தெரியணும்ல. சைஸ் மட்டும் நீங்க சொல்லிடுங்க."

நான் இழுப்பறையைத் திறந்து என் வெர்னியர் அளவுகோலை எடுத்தேன். வெல்வெட் துணியைப் பிரித்தேன். மூவாரிலிருந்து வந்த பழைய கம்பியைத் துடைத்து, மூன்று முறை அளந்து, சராசரி போட்டேன். வளையத்திலிருந்து வளையம்வரை 127.0 மில்லிமீட்டர். நடுவில் ஒரு மூட்டு. எழுதிக் கீழே கோடு போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

"பாத்தீங்களா மாமா? பாயிண்ட் சீரோ!" என்றான் தம்பி. "அக்கா அளந்தா அது ஜப்பான்காரன் அளந்த மாதிரி."

"அளக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர். காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

தங்கக் கம்பி பதினோரு நாளில் வந்தது. நீல வெல்வெட் வைத்த பெட்டி. கம்பியின் இருபுறமும் சாண் நீளத்துக்குக் கைப்பிடி போன்ற துண்டுகள் தொங்கின. அவற்றில் மேலிருந்து கீழாக வார் மாட்டும் துளைகள். தாடைக்கடியில் போட ஒரு சங்கிலி. வார் எவ்வளவு கீழ்த்துளையில் மாட்டப்படுகிறதோ அவ்வளவு நெம்புகோல் பலம் கூடும். சின்னதாக இழுத்தாலும் வாயில் பெரிதாக விழும். தம்பி கடைசித் துளையில் மாட்டினான். அப்போதுதான் வார் அழகாகத் தொங்குகிறதாம்.

கம்பி வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. கோயில் பூசாரியை அழைத்து வண்டிக்குப் பூசை போட்டான். எங்கள் ஊரில் புதுக் கார் வாங்கினாலும், பழைய வேன் வாங்கினாலும், கடனுக்கு மோட்டார் சைக்கிள் எடுத்தாலும் பூசை உண்டு. பூசாரிக்கு அதில் நல்ல பழக்கம். பழக்கமே கொஞ்சம் சிக்கலாகிவிட்டது.

"வண்டி நம்பர் சொல்லுங்க."

"நம்பர் இல்ல சாமி. குதிரை வண்டி."

"அப்ப பேரு?"

"இன்னும் வைக்கல."

"நட்சத்திரமாவது தெரியுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் நோட்டில் அதன் உயரம் இருந்தது, 121 சென்டிமீட்டர். எடை தோராயமாக இருந்தது. நட்சத்திரம் இல்லை.

பூசாரி ஒரு கணம் யோசித்தார். "குதிரைக்கு அசுவினிதான். வேற என்னா இருக்கப் போவுது" என்று தீர்ப்புச் சொல்லி அர்ச்சனையைத் தொடங்கினார். வண்டிக்குச் சந்தனம், சக்கரத்துக்குக் குங்குமம், குதிரை நெற்றிக்குத் திருநீறு. தம்பி வெல்வெட் பெட்டியை நீட்ட, கம்பிக்கும் மூன்று பொட்டு வைத்தார். பிறகு அதைச் சந்தனத்தோடு அப்படியே குதிரையின் வாயில் மாட்டினார்கள். குதிரை தன் கழுத்து மாலையின் சாமந்தியைத் தின்று அந்த ருசியை மாற்றிக்கொண்டது.

சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான்கு சக்கரத்துக்கு என்று பூசாரி நான்கு கொண்டுவந்திருந்தார், இரண்டு மீந்தது. வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்து நாக்கைச் சொடுக்கினார். குதிரை புறப்பட்டது. இடது பழம் நசுங்கியது. அதற்குள் அவர் வாரை லேசாகத் தொட்டிருக்க வேண்டும். குதிரை தலையை மார்புக்குள் புதைத்துக்கொண்டு பின்னால் நடந்தது. வண்டி குறுக்கே திரும்பி எங்கள் துளசிச் செடிமேல் ஏறிச் சாய்த்தது. வலது பழம் முழுசாக, மஞ்சளாக, இருந்த இடத்திலேயே இருந்தது.

"பாதி நசுங்குனா பாதி நல்லதுதான்" என்றார் பூசாரி, செருப்பைத் தேடியபடி.

அந்த இரண்டாவது எலுமிச்சையை என்ன செய்வது என்று குரூப்பில் இரண்டு நாள் பேச்சு ஓடியது. கம்பியைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசினாலும் தம்பியிடம் ஒரே பதில்தான்: "பூசை போட்டாச்சுக்கா. பூசை போட்ட சாமான எப்படி மாத்துறது?"

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. குதிரை நன்றாகத் தின்றது, ஒரு நாளைக்கு ஆறு கேரட். கடிவாளத்தைக் கையில் எடுத்தால் மட்டும் புல்தரையின் மறுகோடிக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை காலி லோரி என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

எங்கள் கம்பத்திலேயே, அதாவது கிராமத்திலேயே, ஒரு சைஸ் இருக்கிறார். குதிரை லாயத்தில் குதிரையைக் கவனிக்கும் ஆளுக்கு இங்கே அதுதான் பெயர். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் ஒரு பெரிய லாயத்துக்கு வேலைக்குப் போகிறவர். தம்பி அவரை இத்தனை நாள் கூப்பிடவில்லை. "அவரு சாணி அள்ற வேல லா. இது ஈவன்ட் பிஸ்னஸ்." ஞாயிற்றுக்கிழமை நானே போய்க் கூட்டிவந்தேன்.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்றடி தள்ளி நின்று குதிரையைப் பார்த்தார்.

"எங்க குதிரைங்களுக்கு ஃபேன் இருக்கு" என்றார் முதலில்.

"இதுக்கும் வச்சிருக்கோம்" என்றேன். வைத்திருந்தோம். எங்கள் ஹாலில் இருந்த ஃபேன்தான்.

"எங்க குதிரை ஒவ்வொண்ணும் இதப்போல ரெண்டு. வாய் மென்மை. அதுங்களுக்கு நாங்க தடியா, ரப்பர் சுத்தின பிட்டுதான் போடுவோம். தடியா இருந்தா வாய்ல குத்தாது." தங்கக் கம்பியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இதெல்லாம் கல்யாண மண்டப கேட்டுக்கு மாட்டுறது. சைஸ் என்ன?"

நான் நோட்டைத் திறந்தேன். "நூத்தி இருபத்தேழு பாயிண்ட் சீரோ."

"பாயிண்ட் சீரோவா?" அவர் முகத்தில் மரியாதை வந்தது. குதிரையின் வாயைத் தூக்கிப் பார்க்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "அப்ப சரியாத்தான் இருக்கும்."

நான் பெருமையோடு நோட்டை மூடினேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

ரப்பர் கம்பியை மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். என் கட்டைவிரலைவிடத் தடிமன், 127 மில்லிமீட்டர். அதை மாட்டியபின் குதிரையால் வாயை மூடவே முடியவில்லை. எச்சில் ஒழுக, கூட்டத்தில் எதையோ கேட்டுத் திகைத்துப்போனவரைப் போல நின்றது. நகரவில்லை.

"சிங்கப்பூர் சாமான்" என்றார் வீட்டுக்காரர். "நம்ம வாய்க்கு எப்பவுமே பெருசு."

வியாழக்கிழமை காலை ஏழு பத்துக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கேரட் கொடுக்கும்போது அது உதட்டை உயர்த்தியது. வாயின் இடது ஓரத்தில், ஐந்து காசு அளவுக்கு, இளஞ்சிவப்பாக ஓர் உராய்வு. வலது ஓரத்தில் இல்லை. கம்பி ஒரு பக்கமாக வழுக்கினால்தான் அப்படி ஒரு பக்கம் மட்டும் உரசும். வழுக்க இடம் இருந்தால்தான் வழுக்கும். நான் நோட்டை எடுத்துவந்தேன். பத்திகளின் தலைப்பைப் படித்தேன். குதிரை உயரம். மார்புச் சுற்றளவு. வண்டி அகலம். சக்கர விட்டம். பிட் அளவு. கேரட்.

வாய் அளவு என்று ஒரு பத்தி இல்லை.

நான் அளந்தது குதிரையை அல்ல. ஏற்கெனவே பொருந்தாமல் இருந்த ஓர் இரும்பை அளந்திருக்கிறேன். பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தப்பாமல் அதே பொருந்தாமையை இரண்டு முறை வரவழைத்திருக்கிறேன். தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இதைச் செய்திருந்தால் அன்று மதியச் சாப்பாடு அவளுக்கு இறங்காதபடி பேசியிருப்பேன்.

துணி காயப்போடும் நைலான் கயிற்றில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, வெல்ல நீரில் நனைத்தேன். கம்பி போகும் இடைவெளி வழியாக வாய்க்குள் குறுக்கே விட்டேன். முடிச்சை ஓர் உதட்டோரத்தில் வைத்து, மறு உதட்டோரத்தில் பேனாவால் குறியிட்டேன். குதிரை வெல்லத்தை நக்கிக்கொண்டு அசையாமல் நின்றது. இத்தனை வாரத்தில் அதன் வாயை யாரோ கேள்வி கேட்டது அதுவே முதல்தடவை. 108 மில்லிமீட்டர். ஓரத்தில் உதடு நசுங்காமல் இருக்கப் பக்கத்துக்கு மூன்று சேர்த்தால் 114. நாக்கையும் பார்த்தேன். சின்ன வாய்க்குள் மெத்தை போலத் தடித்த நாக்கு.

சாயங்காலம் லாயத்துச் சைஸ் வேலையிலிருந்து திரும்பும் வழியில் அவரை நிறுத்திச் சொன்னேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கேட்டார்.

"அலமாக். நீங்க பாயிண்ட் சீரோன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன்."

"நான் வாயைப் பாக்காம உட்டுட்டேன் பாருங்க." ஹெல்மெட்டின் மேலேயே தலையில் அடித்துக்கொண்டார். "நாக்கு தடியா? அப்ப நடுவுல மூட்டு வச்சது ஆகாதுக்கா. இழுத்தா பாக்குவெட்டி மாதிரி மடங்கி நாக்கைக் கவ்வும், நடு மூட்டு அண்ணத்துல குத்தும். கம்பி அகலமா இருந்தா இன்னும் மோசம். தடி ரப்பருக்கு உள்ள எடமே இல்ல. மூட்டு இல்லாம, லேசா வளைஞ்சு, நாக்குக்கு எடம் உடற மாதிரி வேணும். எங்க லாயத்துல உதவாததுன்னு ஒரு டப்பால போட்டிருக்கானுங்க. தேடிப் பாக்கறேன்."

சனிக்கிழமை கொண்டுவந்தார். நான் இந்த வாழ்க்கையில் பார்த்த மிக அவலட்சணமான பொருள்களில் அது ஒன்று. கறுத்த இரும்பு, கொய்யாக்கிளை போல லேசான வளைவு, இரண்டு பக்கமும் சாதாரண வளையம். அளந்தேன். 114.3. மாட்டினோம். ஓரத்தில் உதடு ஒரே ஒரு சுருக்கம் கண்டது. அதற்குமேல் இழுத்துக் கட்டாதீர்கள் என்றார். வாரை நெம்புகோல் எதுவும் இல்லாமல் நேராக வளையத்திலேயே மாட்டினார்.

குதிரை கம்பியைக் கொஞ்சம் மென்றது. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. வாயை மூடியது. வீட்டுக்காரர் நாக்கைச் சொடுக்கினார். அது புறப்பட்டு, வாசலைத் தாண்டி, லொங்காங்கை மதித்து, சாலை முனையிலுள்ள தே தாரிக் டீக்கடைவரை போய், அவர் இழுத்ததும் நின்று, திரும்பி வந்தது. போக ஆறு நிமிடம், வர பதினாறு நிமிடம். வீட்டுக்காரர் அங்கே இறங்கித் தே தாரிக் குடித்திருக்கிறார்.

"பவர் ஸ்டியரிங்" என்றார் இறங்கும்போது. அன்றிரவு சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

தம்பி அடுத்த வியாழக்கிழமை வந்தான். கல்யாணத்துக்கு மூன்று நாள். குதிரை நேராக நடப்பதைப் பார்த்து என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினான். பிறகு கிட்டே போய்க் கம்பியைப் பார்த்தான்.

"என்னக்கா இது, சிங்க் பைப்பு மாதிரி?"

"இதுதான் அதுக்குப் பொருந்துது."

"பொருந்தட்டும். வீட்ல இதப் போட்டுக்குங்க. ஞாயித்துக்கிழம அந்தத் தங்கம்தான். மூணு கேமரா வச்சிருக்கான். மேலேர்ந்து ட்ரோன் வேற."

"மேலேர்ந்து வாய் தெரியாது."

"அக்கா, அரை மணி நேரம்தான. இவ்வளவு நல்லா பழகிடுச்சு, அதையும் தாங்கிக்கும். பூசை போட்டது வேற."

நான் 108 என்றேன். 114 என்றேன். நைலான் கயிற்றைக் கொண்டுவந்து காட்டினேன். பேனாக்குறியைத் தொட்டுக் காட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு என் நோட்டையே எடுத்து, பழைய பக்கத்தைத் திருப்பி, கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தான்.

"இந்தா, நூத்தி இருபத்தேழு பாயிண்ட் சீரோ. யாரு கையெழுத்து இது?"

வீட்டுக்காரர் பத்திரிகையை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழம ஏதாவது கோளாறு பண்ணுச்சுன்னா திங்கக்கிழம லோரில ஏத்திடறேன்" என்றான் தம்பி. "எனக்கும் மனசு வராதுதான். என்ன செய்றது, தொழில்." வெல்வெட் பெட்டியை என் கையில் கொடுத்தான். "உங்ககிட்டயே இருக்கட்டும். உங்க வீட்ல ஒரு பொருளும் தொலையாது."

பெட்டியை வாங்கிக்கொண்டேன். அது உண்மை. எங்கள் வீட்டில் ஒரு பொருளும் தொலைந்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு ஹூக்குகூட.

சனிக்கிழமை மாலை ஐந்து ஐந்துக்குப் பெட்டியைத் திறந்தேன். ஐந்து ஏழுக்கு மூடினேன்.

பொந்தியான் மண்டப வாசலில் ஞாயிறு காலை ஏழு ஐம்பதுக்குக் குதிரையை இறக்கினோம். நாதஸ்வரம், உறுமி, புகை கக்கும் ஒரு கருவி, குடை பிடிக்க நான்கு பேர். எட்டரைக்குள் மாப்பிள்ளை மண்டபத்துக்குள் நுழைந்தாக வேண்டும். மாப்பிள்ளையின் தாய்மாமன் கைக்கடிகாரத்தை மற்றவர்களுக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி வெல்வெட் பெட்டியைத் திறந்தான்.

உள்ளே நீல வெல்வெட் இருந்தது. கம்பி கிடந்த பள்ளம் இருந்தது.

"அக்கா?"

"என்ன?"

"பிட்டு எங்க?"

"காணோம்" என்றேன்.

அவன் பெட்டியைத் தலைகீழாகத் தட்டினான். என்னைப் பார்த்தான். "காணோமா? நீங்க வச்ச பொருளா?"

"நேத்து அஞ்சு மணிக்குப் பாத்தேன். இப்ப இல்ல."

இரண்டும் உண்மை. அதனால் குரல் நடுங்கவில்லை. அவன் கண்ணில் இருந்தது சந்தேகமல்ல, அதைவிடக் கஷ்டமானது, அவன் நம்பிவிட்டான். பாயிண்ட் சீரோவை எப்படி நம்பினானோ அப்படியே.

"தம்பி, எட்டு இருவது!" என்றார் தாய்மாமன். "குதிரை வருமா, இல்ல மாப்பிள்ளைய நடந்து வரச் சொல்லவா? நாங்க குதிரைன்னுதான் பத்திரிகைலயே போட்டிருக்கோம்!"

தம்பி குதிரையின் வாயிலிருந்த கறுத்த கம்பியைப் பார்த்தான். அதன் வளையங்கள்மேல் அவசரமாக ரோஜா மாலையின் சரிகை நூலைச் சுற்றச் சொன்னான். வீட்டுக்காரர் தலைப்பாகையோடு ஏறினார். மாப்பிள்ளை ஏறினார். புகைக் கருவி சீறியது, உறுமி அடித்தார்கள்.

குதிரை காதுகளை ஒருமுறை பின்னால் மடக்கியது. வீட்டுக்காரர் வாரைத் தளர்வாகப் பிடித்து, நாக்கைச் சொடுக்கினார். அது நடந்தது. புகைக்குள் போய்ப் புகைக்கு வெளியே வந்தது. வாழைமரத் தோரணத்தின் நடுவே, இரு பக்கமும் ஒரே இடைவெளி விட்டு, நேராக. அவர் இழுத்ததும் மண்டபப் படியருகே நின்றது. வாய் மூடியிருந்தது. எட்டு இருபத்தாறு.

பிறகு கல்யாண வீட்டுச் சொந்தக்காரர்கள் குதிரையோடு படம் எடுக்க வரிசையில் நின்றார்கள். எல்லாரும் குதிரையின் முகத்தை மறைத்துக்கொண்டுதான் நின்றார்கள். எந்தப் படத்திலும் கம்பி தெரியவில்லை.

திங்கள் காலை பத்து மணிக்கு லோரி வந்து ஹார்ன் அடித்தது. தம்பி அங்கேதான் இருந்தான், போனில் பேசிக்கொண்டே. அடுத்த மாதம் மூன்று கல்யாணம் கேட்டிருந்தார்களாம். லோரிக்காரருக்குக் கையை ஆட்டி, போகலாம் என்று காட்டினான். அவர் வேலியோரம் நின்றிருந்த குதிரையை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். நான் பத்து நான்குக்கு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

"தங்கப் பிட்டு ஒண்ணு மறுபடி ஆர்டர் பண்ணணும்கா" என்றான் தம்பி. "தொலைஞ்சது தொலைஞ்சு போச்சு. இந்தத் தடவை சைஸ் என்ன போடட்டும்?"

"நூத்தி பதினாலு. மூட்டு இல்லாம, வளைவா. பக்கத்துல அந்தக் கைப்பிடி வேண்டாம்."

"பாயிண்ட்?"

"பாயிண்ட் எதுவும் வேண்டாம்" என்றேன்.

அன்றைய குறிப்பில் இப்படி இருக்கிறது: கேரட் எட்டு. வாய் ஓரத்தில் உராய்வு ஆறிவிட்டது. பொருள்கள் பட்டியலில்: வாய்க்கம்பி, தங்க முலாம், 127.0 மி.மீ., ஒன்று; காணவில்லை. முப்பது வருட நோட்டுகளில் நான் தெரிந்தே எழுதிய தப்பான பதிவு அது ஒன்றுதான். எழுத்து மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் அழகாகவே விழுந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் காலையில் சோற்றுக்கு அரிசி அளப்பவர் வீட்டுக்காரர். செவ்வாய்க்கிழமை டின்னுக்குள் குவளையை ஆழமாக விட்டார். அடியில் எதுவோ டங் என்றது. கையை அப்படியே நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை. மேலிருந்த அரிசியை மட்டும் அளந்து எடுத்துக்கொண்டு, மூடியை அழுத்தி மூடினார்.

"இந்தத் தடவை அரிசில கல்லு கொஞ்சம் பெருசு" என்றார். "அடி அரிசிய எடுக்க வேணாம். புது மூட்டை வாங்கி மேலயே கொட்டிடு."